சதுரங்க மேதை மீர் சுல்தான் கான்

கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் ஆகிய நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்துள்ள தோட்டங்களிலும் சதுரங்கம் ஆடும் மாணவர்கள் பலர் உள்ளனர். பள்ளி அளவிலும் மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் நடைபெறும் போட்டிகளில் அவர்கள் கலந்து கொள்கின்றனர். முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பும் மாணவனின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. எதிரே அமர்ந்தவனுக்குப் பயிற்றுநர் உண்டு; நூல்கள் உண்டு; பல போட்டிகளில் ஆடிய அனுபவமும் உண்டு. தோட்டத்து வீட்டில் அப்பாவிடமோ அண்ணனிடமோ ஆடிப் பழகிய ஒருவன் அவனை வெல்வது எப்படி?

இக்கேள்விக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் தம் ஆட்டத்தாலேயே விடையளித்தவர் ஒருவர் இருந்தார். அவர் பஞ்சாபின் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். தந்தையிடம் ஆட்டம் பயின்றவர். ஐரோப்பாவின் முன்னணி ஆட்டக்காரர்களோடு மோதிய காலம் அவருக்கு ஐந்து ஆண்டுகள்கூட அமையவில்லை. அக்குறுகிய காலத்திற்குள் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராக அவர் உயர்ந்தார். அவர்தாம் மீர் சுல்தான் கான்.

சதுரங்கம் இந்திய மண்ணில் தோன்றிய விளையாட்டு என்பர். யானைப்படை, குதிரைப்படை, தேர்ப்படை, காலாட்படை ஆகிய நால்வகைப் படைகளைக் குறிப்பதே சதுரங்கம் என்னும் சொல். இவ்விளையாட்டு மேற்கே பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. கிழக்கே மலாய் உலகிற்கும் வந்து சேர்ந்தது. மலாய் மொழியில் இதனைச் ‘சாதுர்’ என்று அழைப்பது அந்த உறவைக் காட்டுகிறது. சென்ற இடங்களிலெல்லாம் ஆட்டத்தின் விதிகள் சிறிது சிறிதாக மாறின. ஐரோப்பாவில் ஆட்டம் விரைவு பெற்றது. இந்தியாவிலோ பழைய விதிகள் சில இருபதாம் நூற்றாண்டு வரையிலும் நிலைத்திருந்தன.

சுல்தான் கான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அன்றைய பஞ்சாபின் மித்தா திவானா என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தான் நாட்டில் உள்ளது. அவருடைய தந்தை மியான் நிஜாமுதீன் சதுரங்கத்தில் தேர்ச்சி பெற்றவர். ஒன்பதாம் வயதில் சுல்தான் கான் தந்தையிடம் இவ்விளையாட்டைக் கற்கத் தொடங்கினார். இருபத்தொரு வயதை எட்டியபோது பஞ்சாப் வட்டாரத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பெயரைப் பெற்றுவிட்டார்.

அவர் கற்றது இந்திய முறைச் சதுரங்கம். இன்று உலகெங்கும் ஆடப்படும் முறைக்கும் அதற்கும் சில வேறுபாடுகள் இருந்தன. இன்றைய ஆட்டத்தில் சிப்பாய் தனது முதல் நகர்வில் விரும்பினால் இரண்டு கட்டம் முன்னேறலாம். இந்திய முறையில் ஒரு கட்டம் மட்டுமே நகர முடியும். அரசனைப் பாதுகாப்பதற்காகக் கோட்டை கட்டும் முறையும் அதில் கிடையாது. அதற்கு மாறாக, அரசன் ஒரே ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். கடைசி வரிசையை எட்டிய சிப்பாய்க்கு இன்று எந்த உயர்வையும் கேட்டுப் பெறலாம். பெரும்பாலோர் அரசியையே கேட்பர். இந்திய முறையில் சிப்பாய் எந்தக் காயின் கட்டத்தைச் சென்றடைகிறதோ அந்தக் காயாகவே மாறும்.

இவ்விதிகளால் இந்திய ஆட்டம் மெதுவாகவே சூடுபிடிக்கும். இரு படைகளும் நெருங்குவதற்குப் பல நகர்வுகள் ஆகும். எனவே, தொடக்கத்தில் விரைந்து தாக்கும் திறனைவிட, நடுவாட்டத்தில் காய்களை ஒழுங்குபடுத்தும் திறனும் இறுதியாட்டத்தில் பொறுமையாகக் காய் நகர்த்தும் திறனும் அதிகம் தேவைப்பட்டன. பல ஆண்டுகள் இவ்வாறு ஆடிய சுல்தான் கானுக்கு இவ்விரு திறன்களும் இயல்பாகவே கைவந்தன. பின்னாளில் அவருக்கு உலகப் புகழை ஈட்டித் தந்தவையும் இவையே.

பஞ்சாபின் பெரும் நிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கான் சதுரங்கத்தில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். சுல்தான் கானின் திறமையைக் கண்ட அவர், அவரை ஆதரித்துத் தம் இல்லத்தில் தங்க வைத்தார். ஐரோப்பிய முறைச் சதுரங்கத்தைக் கற்பதற்கும் ஏற்பாடு செய்தார். இருபது வயதைக் கடந்த பின்னர், கைக்குப் பழகிப்போன ஆட்டத்தின் விதிகளை மாற்றிக்கொள்வது எளிதன்று. ஒவ்வொரு நகர்விலும் பழைய பழக்கம் குறுக்கிடும். சுல்தான் கான் அந்த இடர்ப்பாட்டைத் தாண்டினார். 1928ஆம் ஆண்டு நடைபெற்ற அனைத்திந்தியச் சதுரங்கப் போட்டியில் எட்டு ஆட்டங்களில் வென்று, ஓர் ஆட்டத்தைச் சமன் செய்து, தோல்வியே இன்றி வாகை சூடினார்.

1929ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் சர் உமர் அவரை லண்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கு அவருக்காகவே சிறிய பயிற்சிப் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. இந்திய வெற்றியாளரின் ஆற்றலைக் காணப் பலரும் ஆவலோடு காத்திருந்தனர். ஆயினும், அப்போட்டியில் சுல்தான் கான் கடைசி இடத்தையே வேறொருவரோடு பகிர்ந்துகொள்ள நேர்ந்தது.

இத்தோல்விக்குரிய காரணம் தெளிவானது. ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் தொடக்க நகர்வுகளைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து நூல்களில் எழுதி வைத்திருந்தனர். எந்தச் சிப்பாயை முதலில் நகர்த்தினால் எதிராளி என்ன செய்வார், அதற்கு மறுமொழியாக எந்தக் காயை வெளியே கொண்டுவர வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் முன்கூட்டியே மனனம் செய்திருந்தனர். சுல்தான் கானுக்கு அந்த நூலறிவு கிட்டவில்லை. அவர்கள் நினைவிலிருந்து விரைவாக ஆடிய நகர்வுகளை அவர் பலகையின்முன் அமர்ந்து தாமாகவே சிந்தித்துக் கண்டறிய வேண்டியிருந்தது. ஆட்டம் அதன் நடுப்பகுதியை எட்டுவதற்கு முன்பே அவருடைய நிலை நலிந்துவிடும்.

கடல் கடந்து வந்து முதல் போட்டியிலேயே கடைசி இடத்தைப் பெற்றவர் மனம் உடைந்து திரும்பியிருக்கலாம். சுல்தான் கானோ தம்மை வீழ்த்தியவர்களிடமே பாடம் கேட்டார். அந்தப் போட்டியில் அவருக்கு முன்னிலை பெற்ற பிரெட்ரிக் யேட்ஸ், வில்லியம் விண்டர் ஆகிய இருவரும் அவரோடு அமர்ந்து பயிற்சி அளித்தனர். யேட்ஸ் அதற்கு முன்பே பலமுறை பிரிட்டிஷ் வெற்றியாளராக விளங்கியவர். விண்டரும் பின்னாளில் அப்பட்டத்தை வென்றவர். தம்மைவிட வலிமையானவர்களோடு இடைவிடாமல் ஆடியதால், தமது ஆட்டத்தின் ஓட்டைகள் எவை என்பது சுல்தான் கானுக்குப் புலப்பட்டது.

சில மாதங்களில் அதன் பயன் தெரிந்தது. அதே ஆண்டின் கோடைக் காலத்தில் இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சதுரங்கப் போட்டி நடைபெற்றது. பேரரசின் பட்டத்திற்குரிய அப்போட்டியில், பயிற்சி ஆட்டத்தில் கடைசியாக வந்த சுல்தான் கான் முதலிடம் பெற்றார். சதுரங்க உலகம் வியப்பில் ஆழ்ந்தது.

அக்காலச் சூழலை எண்ணிப் பார்த்தால் இவ்வெற்றியின் சிறப்பு நன்கு விளங்கும். இந்தியாவும் மலாயாவும் பிரிட்டிஷ் ஆதிக்கத்தின்கீழ் இருந்த காலம் அது. 1930ஆம் ஆண்டில் காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ச்சியடைந்தது. கெடா உட்பட மலாயாவின் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர்கள் ஊதியக் குறைப்புக்கும் வேலை இழப்புக்கும் ஆளாகினர். பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். ஆளப்படுவோர் ஆள்வோருக்கு அறிவில் குறைந்தவர் என்ற எண்ணம் பரவலாக இருந்த அந்நாளில், ஆள்வோரின் நாட்டிலேயே, அறிவாற்றலை அளக்கும் விளையாட்டில் ஓர் இந்தியர் பட்டம் வென்றார்.

வெற்றிக்குப் பின் இந்தியா திரும்பிய சுல்தான் கான், 1930ஆம் ஆண்டு மே மாதம் மீண்டும் ஐரோப்பாவுக்குச் சென்றார். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் நடைபெற்ற அனைத்துலகப் போட்டியில் இரண்டாம் இடத்தைப் பிடித்தார். அவ்வாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் புகழ்பெற்ற கிறிஸ்துமஸ் காலப் போட்டி தொடங்கியது. அதில் அவருக்கு எதிரே அமர்ந்தவர்களுள் ஒருவர் கியூபா நாட்டின் கப்பபிளாங்கா.

கப்பபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக வெற்றியாளராக விளங்கியவர். 1916ஆம் ஆண்டு முதல் 1924ஆம் ஆண்டு வரை எட்டு ஆண்டுகள் எந்தப் போட்டி ஆட்டத்திலும் தோல்வியே காணாதவர். அத்தகைய மாமேதையை எதிர்த்துச் சுல்தான் கான் வெள்ளைக் காய்களை ஆடினார். ஆட்டத்தின் இடையில் கப்பபிளாங்கா தம்முடைய இரண்டு கோட்டைகளைக் கொடுத்துச் சுல்தான் கானின் அரசியைக் கைப்பற்றினார். அரசியை இழந்தவர் நிலைகுலைவது வழக்கம். சுல்தான் கான் பதறவில்லை. எதிராளியின் அரசி புகுவதற்கு இடமில்லாதவாறு தம் காய்களை ஒன்றுக்கொன்று துணையாக நிறுத்தினார். பின்னர், தம் இரு கோட்டைகளையும் பொறுமையாக முன்னேற்றினார். ஆட்டம் நீண்டுகொண்டே சென்றது. 65 நகர்வுகளுக்குப் பின் கப்பபிளாங்கா தோல்வியை ஏற்றுக்கொண்டார். தந்தையின் பலகையில் பழகிய பொறுமை உலக மேதையையே பணிய வைத்தது. அப்போட்டியில் சுல்தான் கான் மூன்றாம் இடம் பெற்றார். அவருடைய ஆற்றலைக் கண்ட கப்பபிளாங்கா அவரை மேதை என்று பிற்காலத்தில் பாராட்டினார்.

தொடக்க நகர்வுகளில் ஐரோப்பியர்களுக்கு நிகரான நூலறிவைக் குறுகிய காலத்தில் முழுமையாகப் பெற முடியாது என்பதைச் சுல்தான் கான் உணர்ந்திருந்தார் என்பதை அவருடைய ஆட்டங்கள் காட்டுகின்றன. அவர் தொடக்கத்தில் பெரும்பாலும் அமைதியான நகர்வுகளையே தேர்ந்தெடுத்தார். காய்கள் விரைவில் வெட்டுப்படாத, நீண்ட சிந்தனைக்கு இடமளிக்கும் நிலைக்கு ஆட்டத்தைக் கொண்டு சென்றார். அதன் பிறகு தமக்கு வலிமையான நடுவாட்டத்திலும் இறுதியாட்டத்திலும் எதிராளியை மடக்கினார். குறைகளைக் களைவதோடு, தம் நிறைகள் வெளிப்படும் களத்தை அமைத்துக்கொள்வதும் திறன் வளர்ச்சியின் ஒரு பகுதியே ஆகும்.

சதுரங்க ஒலிம்பியாட் போட்டிகளில் அவர் இங்கிலாந்துக் குழுவின் முதற்பலகையில் ஆடினார். ஒவ்வொரு நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரரும் அமரும் இடம் அது. 1930இல் ஹம்பர்க், 1931இல் பிராக், 1933இல் ஃபோக்ஸ்டன் என மூன்று முறை அப்பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிராக் நகரில் அவர் எட்டு ஆட்டங்களில் வென்றார். ஏழு ஆட்டங்களைச் சமன் செய்தார். இரண்டில் மட்டுமே தோற்றார். ரூபின்ஸ்டைன், ஃபுளோர் போன்ற பெரும் ஆட்டக்காரர்கள் அங்கே அவரிடம் தோற்றனர். அன்றைய உலக வெற்றியாளர் அலெக்கினோடு மோதிய ஆட்டம் சமனில் முடிந்தது. அதே 1931ஆம் ஆண்டில் டார்டாகோவருடன் தனியாக நடைபெற்ற தொடர் ஆட்டத்திலும் சுல்தான் கான் சிறிய வேறுபாட்டில் வென்றார்.

இவ்வெற்றிகளுக்கிடையே அவர் பட்ட துன்பங்கள் பல. இங்கிலாந்தின் குளிர் அவருடைய உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியாக் காய்ச்சலும் சளியும் தொண்டை நோயும் அவரை அடிக்கடி வாட்டின. சில வேளைகளில் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டே பலகையின்முன் அமர்ந்து ஆடினார். நோயைவிடக் கொடியது மற்றவர்கள் அவரைப் பார்த்த பார்வை. மேலைநாட்டார் பலர் அவரைப் படிப்பறிவற்ற வேலையாள் என்றே எழுதினர். அது தவறான சித்திரம் என்று அவருடைய குடும்பத்தார் பிற்காலத்தில் மறுத்தனர். ஒருவரின் மொழியும் உடையும் வேறுபட்டிருந்தால் அவருடைய அறிவைக் குறைத்து மதிப்பிடும் வழக்கம் அன்று இருந்தது. அத்தகைய மதிப்பீடுகளுக்கு அவர் பலகையின்மேல் மறுமொழி அளித்தார்.

பிரிட்டிஷ் போட்டியில் அவர் மொத்தம் நான்கு முறை கலந்துகொண்டார். 1929ஆம் ஆண்டைத் தொடர்ந்து 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் பட்டத்தை வென்றார். 1933ஆம் ஆண்டில் மற்றொரு சிறப்பும் நிகழ்ந்தது. சர் உமரின் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்னும் பெண்மணி அதே ஆண்டில் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றார். ஒரே இல்லத்திலிருந்து சென்ற இருவர், ஆடவர் மகளிர் ஆகிய இரு பட்டங்களையும் கைப்பற்றினர்.

புகழின் உச்சியில் இருந்தபோதே சுல்தான் கானின் ஐரோப்பிய வாழ்வு முடிவுக்கு வந்தது. 1933ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சர் உமர் இந்தியா திரும்பினார். சுல்தான் கானும் அவருடன் திரும்பினார். 1935ஆம் ஆண்டு காடில்கர் என்னும் இந்திய ஆட்டக்காரரோடு பத்து ஆட்டங்கள் ஆடி, ஒன்பதில் வென்று ஒன்றைச் சமன் செய்தார். அவருடைய திறன் சற்றும் மங்கவில்லை என்பதை அது மெய்ப்பித்தது. ஆயினும், அதன்பின் பெரிய போட்டிகள் எதிலும் அவர் ஆடவில்லை. வெளிநாட்டுப் பயணத்திற்குப் பெரும்பொருள் தேவைப்பட்டது. வலிமையான எதிராளிகள் அனைவரும் கடலுக்கு அப்பால் இருந்தனர். உதவுவார் இல்லாத நிலையில், உலக வெற்றியாளரோடு சமன் செய்த கை, காய்களைத் தொடாமலே ஓய்ந்தது.

அதன் பிறகு சுல்தான் கான் சர்கோதா வட்டாரத்தில் விவசாயத்தைக் கவனித்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். 1947ஆம் ஆண்டில் நாடு பிரிக்கப்பட்டபோது அவ்வட்டாரம் பாகிஸ்தானின் பகுதியானது. தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கத்தைக் கற்பிக்கவில்லை. வாழ்க்கைக்கு அதைவிடப் பயனுள்ள ஒன்றைச் செய்யுமாறு தந்தை அறிவுறுத்தியதாக அவருடைய மகன் பின்னாளில் நினைவு கூர்ந்துள்ளார். ஒன்பது வயதில் தம் தந்தையிடம் ஆட்டம் கற்ற ஒருவர், தம் பிள்ளைகளுக்கு அதனைத் தர விரும்பாதது உள்ளத்தை உருக்கும் செய்தியாகும். திறமைக்கு உரிய வாய்ப்புத் தொடர்ந்து கிடைக்காதபோது மனிதர் அடையும் வேதனையை அது சொல்லாமல் சொல்கிறது. 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் சுல்தான் கான் சர்கோதாவில் இயற்கை எய்தினார்.

உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1950ஆம் ஆண்டில் கிராண்ட்மாஸ்டர் என்னும் உயரிய பட்டத்தை வழங்கத் தொடங்கியபோது, அவர் பெயர் பட்டியலில் இடம்பெறவில்லை. அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கடந்த பின்னர், 2024ஆம் ஆண்டில் அக்கூட்டமைப்பு அவருக்கு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அளித்தது. காலம் தாழ்ந்து வந்தாலும், அவருடைய ஆட்டத்திற்குரிய மதிப்பு இறுதியில் கிடைத்தது.

சுல்தான் கானின் ஆட்டங்கள் பல இன்றும் நகர்வு நகர்வாகப் பதிவாகியுள்ளன. கெடாவின் தோட்டப்புற வீட்டில் ஒரு பலகையும் காய்களும் வைத்திருக்கும் மாணவர், கப்பபிளாங்காவை அவர் வென்ற அந்த 65 நகர்வுகளையும் தாமே ஆடிப் பார்க்க முடியும். ஒவ்வொரு நகர்விலும் அடுத்து என்ன செய்யலாம் என்று முதலில் தாமே சிந்தித்து, பிறகு சுல்தான் கான் செய்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சிறந்த பயிற்சியாகும்.

அம்மாணவருக்குச் சுல்தான் கானின் வாழ்க்கையும் ஒரு பாடமே. வீட்டில் கற்றது குறைவானது என்று அவர் அதனை உதறவில்லை. அதன்மீதே புதிய அறிவைக் கட்டினார். தோற்றபோது, வென்றவர்களைத் தேடிச் சென்று கற்றார். தம் குறையையும் நிறையையும் அறிந்து ஆடினார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழிக்கு அவருடைய ஆட்டமே சான்று. அவருக்கு ஐந்து ஆண்டுகளில் அடைபட்டுப் போன வாய்ப்புக் கதவு இன்றைய மாணவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. முதல் சுற்றில் தோற்ற மாணவர், அந்த ஆட்டத்தை வீட்டில் மீண்டும் ஒருமுறை பலகையில் அடுக்கிப் பார்ப்பதே வெற்றிக்கான முதல் நகர்வாகும்.